பேனா மருத்துவருக்கு, பணப்பை அரசுக்கு

மருந்தும் மக்களாட்சியும் – தொடர்: 11

சென்ற இதழில் பிரிட்டனைப் பார்த்தோம். 1948 ஜூலை 5 அன்று பிறந்த தேசிய சுகாதாரச் சேவை, மருத்துவர் எழுதிய மருந்தை யாருக்கும் காசு வாங்காமல் கொடுத்தது. நான்கே ஆண்டுகளில் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் வந்து சேர்ந்தது. அங்கே ‘யாருக்கு இலவசம்’ என்பது முதலில் தீர்ந்தது. ‘எந்த மருந்து இலவசம்’ என்ற கேள்வி பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்தது.

ஆஸ்திரேலியா அந்தக் கேள்வியோடுதான் தொடங்கியது. ஒரே ஒரு மருந்துப் பட்டியலுக்காக அந்நாடு இரண்டு பெரிய வழக்குகளையும், ஒரு பொதுவாக்கெடுப்பையும், அரசியல் சாசனத் திருத்தத்தையும், மருத்துவர்களின் நாடு தழுவிய புறக்கணிப்பையும் கடந்து வந்தது. அரசு எந்த மருந்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்று இன்று உலகில் எங்கே விவாதம் நடந்தாலும், அதில் ஆஸ்திரேலியாவின் பெயர் வராமல் போகாது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதே இந்த அத்தியாயம்.

போர்க்காலத்து வாக்குறுதி

1930களின் நடுப்பகுதி வரை மருந்துக்கடையில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை கடைக்காரரே கலந்து கொடுத்த மிக்ஸ்சர்களும் களிம்புகளும்தான். வேதனையைக் குறைத்தன, உயிரைக் காத்தவை மிகக் குறைவு. சல்ஃபா மருந்துகளும் பின்னாலேயே பென்சிலினும் வந்தபோது நிலைமை தலைகீழாகியது. நிமோனியாவும் பிரசவக் காய்ச்சலும் வந்தால் பிழைப்போமா என்பதை ஒரு மருந்து தீர்மானிக்கத் தொடங்கியது. மருந்து கிடைக்காமல் போவது அசௌகரியம் என்ற நிலை மாறி, அது சாவு என்ற நிலை உருவானது.

பென்சிலினை மருந்தாக்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் தலைவர் ஹவர்ட் ஃப்ளோரி, அடிலெய்டில் பிறந்த ஆஸ்திரேலியர். மெல்போர்னில் அரசுக்குச் சொந்தமான காமன்வெல்த் சீரம் ஆய்வகம் போர் முடியும் முன்பே பென்சிலினைத் தயாரித்தது. 1944இலேயே அது ஆஸ்திரேலியப் பொதுமக்களின் கைக்கும் எட்டியது. மருந்து உள்ளூரில் இருக்கிறது, தயாரிப்பது அரசு ஆய்வகம், வாங்கத்தான் பலருக்கு வழியில்லை என்றால், அந்த இடைவெளி கண்ணை உறுத்தாமல் இருக்குமா?

அப்போது ஆட்சியில் இருந்தது ஜான் கர்ட்டின் தலைமையிலான தொழிற்கட்சி அரசு. நிதியமைச்சர் பென் சிஃப்லி, பாதர்ஸ்ட் நகரத்து ரயில் எஞ்சின் டிரைவராக இருந்து அரசியலுக்கு வந்தவர். போருக்காகச் சாதாரணத் தொழிலாளர்களையும் வருமான வரிக்குள் கொண்டுவந்த அந்த அரசு, அவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடனாகச் சமூகநலத் திட்டங்களைப் பார்த்தது. 1943இல் தேசிய நலநிதி அமைந்தது. 1944இல் மருந்துப் பயன் சட்டம் நிறைவேறியது. அரசு வெளியிடும் மருந்துத் தொகுப்பில் உள்ள மருந்தை, அரசு அச்சடித்துத் தரும் படிவத்தில் மருத்துவர் எழுதிக் கொடுத்தால், நோயாளி மருந்துக்கடையில் காசு கொடுக்க வேண்டியதில்லை. கடைக்காரருக்கு அரசு பணம் தரும்.

கேட்கும்போது இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். மருத்துவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று ஆஸ்திரேலிய மருத்துவர்களுக்குத் தனிச் சங்கம் கிடையாது; பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் கிளைகளாகவே இயங்கினார்கள். அரசு ஒரு தொகுப்பைக் கையில் கொடுத்து இதிலிருந்து எழுது என்றால், நாளை இதை மட்டும் எழுது என்று சொல்லும். அதற்கடுத்த நாள் சம்பளம் வாங்கும் அரசு ஊழியராக வா என்று கூப்பிடும் என்பது அவர்கள் அச்சம். நோயாளியின் படுக்கையருகே நிற்பவர் மருத்துவர். தலைநகரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி அல்ல என்ற வாதத்தில் நியாயமும் இருந்தது.

விக்டோரியா மாநில மருத்துவச் சங்கத்தார் மாநில அரசுத் தரப்பின் பெயரில் வழக்குத் தொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றமான ஹை கோர்ட், 1945 நவம்பரில் சட்டத்தைச் செல்லாது என்றது. மருந்து தருவதற்கென்று சட்டமியற்றும் அதிகாரம் மத்திய அரசுக்குச் சாசனத்தில் இல்லை. கஜானாவில் பணம் இருப்பதாலேயே அந்த அதிகாரம் வந்துவிடாது என்பது தீர்ப்பின் சாரம். கர்ட்டின் அதற்குள் மறைந்திருந்தார். பிரதமர் நாற்காலியில் சிஃப்லி.

மக்கள் சொன்ன ‘ஆம்’

சாசனம் தடுக்கிறது என்றால் சாசனத்தைத் திருத்த வேண்டும். ஆஸ்திரேலியாவில் அது நாடாளுமன்றத்தோடு முடிகிற காரியமல்ல. மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, நாடு முழுவதிலும் பெரும்பான்மை, ஆறு மாநிலங்களில் நான்கிலாவது பெரும்பான்மை என்று இரண்டையும் பெற்றாக வேண்டும். 1901இலிருந்து இன்றுவரை மக்கள் முன் வைக்கப்பட்ட 45 திருத்தங்களில் எட்டு மட்டுமே தேறியிருக்கின்றன.

1946 செப்டம்பர் 28 அன்று மூன்று கேள்விகள் வாக்குக்கு வந்தன. விளைபொருள் சந்தை, தொழிலாளர் நிலைமை ஆகிய இரண்டும் மூன்று மாநிலங்களோடு நின்று தோற்றன. சமூகநலம் பற்றிய கேள்விக்கு 54 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. ஆறு மாநிலங்களும் ஆம் என்றன. மகப்பேறு உதவி, விதவை ஓய்வூதியம், வேலையில்லாதோர் உதவி ஆகியவற்றோடு மருந்தும் மருத்துவச் சேவையும் மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் ஏறின. போரிலிருந்து மீண்ட ஒரு சமூகம், நோயாளியின் மருந்துச் செலவு ஊரார் பொறுப்பு என்று வாக்குச்சீட்டில் எழுதித் தந்தது. இந்தத் தொடரில் நாம் பார்த்துவரும் நாடுகளில், மருந்துக்கான உரிமை இப்படி மக்களின் நேரடி வாக்கிலிருந்து பிறந்தது இங்கேதான்.

ஆனால் திருத்தத்துக்குள் ஒரு நிபந்தனையும் சேர்ந்திருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் ராபர்ட் மென்ஸீஸ் முன்மொழிய, சட்ட அமைச்சர் எவாட் ஏற்றுக்கொண்ட நிபந்தனை அது: மருத்துவ, பல் மருத்துவச் சேவைகளைத் தரும்போது யாரையும் எந்த வடிவிலும் கட்டாயப் பணிக்கு ஆளாக்கக்கூடாது. அடைப்புக்குறிக்குள் வந்த அந்தச் சில சொற்கள் மூன்றே ஆண்டுகளில் அரசின் கையைக் கட்டிப்போட்டன.

ஐம்பது பவுண்டு படிவம்

புதிய சட்டம் 1947இல் வந்தது. 1948 ஜூன் 1 அன்று திட்டம் நடைமுறைக்கு வந்தது. மருந்துக்கடைகள் தயாராக இருந்தன. படிவக் கட்டுகள் மருத்துவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. மருத்துவர்கள் அவற்றைத் தொடவில்லை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களில் படிவத்தைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலரே.

இதன் பாரம் நேராக நோயாளியின் தலையில் விழுந்தது. ஒரு தாய் காய்ச்சல்காரக் குழந்தையோடு மருத்துவரிடம் போகிறாள். மருத்துவர் தம் சொந்தத் தாளில் மருந்தை எழுதித் தருகிறார். கடைக்காரரிடம் அந்த மருந்து இருக்கிறது. அரசுத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் தாள் அரசுத் தாள் இல்லை. ஆகவே முழு விலையையும் அவள் கொடுத்தாக வேண்டும். தன் வரிப்பணத்தில் தனக்காக ஒதுக்கப்பட்ட மருந்து எதிரே அலமாரியில் இருக்க, ஒரு காகித வித்தியாசத்தால் அது அவளுக்குக் கிடைக்காமல் போனது.

பொறுமையிழந்த அரசு 1949இல் சட்டத்தை இறுக்கியது. தொகுப்பில் உள்ள மருந்தை எழுதும் மருத்துவர் அரசுப் படிவத்தில்தான் எழுத வேண்டும். நோயாளியே வேண்டாம் என்று கேட்டால் ஒழிய வேறு தாளில் எழுதினால் 50 பவுண்டு அபராதம். மருத்துவச் சங்கம் மறுபடியும் ஹை கோர்ட் படியேறியது. 1949 அக்டோபரில் ஆறு நீதிபதிகளில் நால்வர் மருத்துவர்கள் பக்கம் நின்றார்கள். தண்டனையைக் காட்டி ஒருவரைத் தம் தொழிலில் ஒரு வேலையைச் செய்ய வைப்பது கட்டாயப் பணிதான் என்றார்கள். மாறுபட்ட இருவரில் ஒருவரான ஓவன் டிக்ஸன், எந்தத் தாளில் எழுதுவது என்று ஒழுங்குபடுத்துவதும், சேவை செய் என்று பிடித்து இழுப்பதும் ஒன்றல்ல என்றார். படிக்கும்போது டிக்ஸன் சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் பெரும்பான்மை மறுபக்கம். இரண்டு மாதத்தில் தேர்தலும் வந்தது. சிஃப்லி தோற்றார், மென்ஸீஸ் பிரதமரானார்.

ஐந்தாண்டுச் சண்டையில் இரு தரப்பும் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தன. மருத்துவர் எதை எழுதலாம் என்பது ஒரு கேள்வி. அரசு எதற்குப் பணம் கட்டும் என்பது வேறொரு கேள்வி. முதலாவதில் அரசு கைவைப்பதாக மருத்துவர்கள் பயந்தார்கள். முதலாவதைப் பிடித்தால்தான் இரண்டாவதை ஆள முடியும் என்று அரசும் நினைத்தது. இரண்டையும் பிரித்தவர் அரசியல்வாதியாகவும் மருத்துவராகவும் இருந்த ஒருவர்.

139 மருந்துகள்

ஏர்ல் பேஜ், கிராஃப்டன் ஊர்க்காரர், அறுவை சிகிச்சை நிபுணர். 1939இல் 19 நாள் பிரதமராகவும் இருந்தவர். மென்ஸீஸ் அரசில் சுகாதார அமைச்சரான அவர் மருத்துவச் சங்கத்தோடு உட்கார்ந்து பேசினார். எல்லா மருந்துக்கும் பொதுத் தொகுப்பு என்பதைக் கைவிட்டார். உயிரைக் காப்பவை, நோயைத் தடுப்பவை என்று 139 மருந்துகள் கொண்ட சிறு பட்டியல் தயாரானது. விலை அதிகமான, அதே சமயம் இல்லாவிட்டால் உயிர் போகக்கூடிய மருந்துகளுக்கு அதில் முதலிடம். 1950 செப்டம்பர் 4 முதல் அவை ஏழை பணக்காரர் வேறுபாடின்றி எல்லோருக்கும் இலவசம்.

மருத்துவர் பட்டியலுக்கு வெளியேயும் எழுதலாம்; அதற்கு நோயாளி காசு கொடுப்பார். பட்டியலுக்குள் எழுதினால் அரசு கொடுக்கும். பேனா மருத்துவரிடம், பணப்பை அரசிடம். எட்ட நின்ற மருத்துவர்கள் திட்டத்துக்குள் வந்தார்கள். தொழிற்கட்சி கனவு கண்ட அளவுக்கு இது விரிந்ததல்ல என்பது உண்மை. இருமலுக்கும் வயிற்றுவலிக்கும் எழுதப்பட்ட அன்றாட மருந்துகள் பல வெளியே நின்றன. ஆனாலும் பென்சிலின் வாங்க முடியாமல் ஒரு குழந்தை சாக வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. அதைச் சாதித்தது பேஜ் என்றால், அதற்குச் சாசனத்தில் இடம்பிடித்துக் கொடுத்தது சிஃப்லி. இருவருக்கும் பங்கு உண்டு.

பட்டியல் என்று ஒன்று வந்துவிட்டால், அதில் யார் சேர்ப்பது, யார் நீக்குவது என்ற கேள்வி உடனே எழும். 1953இன் தேசிய சுகாதாரச் சட்டம் அதற்கொரு குழுவைச் சட்டப்படி நிறுத்தியது: மருந்துப் பயன் ஆலோசனைக் குழு. இன்று நடைமுறையில் இருக்கும் விதிப்படி, குழு பரிந்துரைக்காத மருந்தை அமைச்சர் நினைத்தாலும் பட்டியலில் சேர்க்க முடியாது. பரிந்துரைத்ததைச் சேர்க்காமல் விட அவருக்கு அதிகாரம் உண்டு. பரிந்துரைக்காததை நுழைக்க அதிகாரம் இல்லை. தேர்தல் நேரத்தில் ஒரு கம்பெனியோ ஒரு தொகுதியோ நெருக்கினாலும் அமைச்சர் சாய்ந்துவிடாமல் தாங்கும் முட்டுக்கட்டை இது.

பலன் எவ்வளவு, விலை எவ்வளவு

ஐம்பதுகளில் புதுப்புது ஆண்டிபயாட்டிக்குகள் வந்து குவிந்தன, செலவு ஏறியது. 1960இல் பட்டியல் விரிவானது, கூடவே சீட்டுக்கு ஐந்து ஷில்லிங் கட்டணமும் வந்தது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் மருந்துலகின் முகமே மாறியது. சில நாள் சாப்பிட்டு நோயை விரட்டும் மருந்துகளை விட, ரத்த அழுத்தத்துக்கும் கொலஸ்ட்ராலுக்கும் ஆயுள் முழுக்கச் சாப்பிடும் மருந்துகளுக்குச் சந்தை பெருகியது. ‘உயிர் காக்கும் மருந்தா’ என்ற பேஜ் காலத்துக் கேள்வி இவற்றுக்குப் போதவில்லை. எல்லாமே கொஞ்சம் காக்கும். எவ்வளவு காக்கும், அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்க வேண்டிய காலம் வந்தது.

1987இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு மருந்தின் பலனையும் செலவையும், ஏற்கெனவே உள்ள சிகிச்சையோடு ஒப்பிட்டே குழு முடிவெடுக்க வேண்டும். இருப்பதைவிடப் புது மருந்து கணிசமாக விலை அதிகம் என்றால், சில நோயாளிகளுக்காவது குறிப்பிடத்தக்க கூடுதல் பலனோ குறைந்த பக்கவிளைவோ உண்டு என்று தெளிவாகாமல் பரிந்துரைக்கக்கூடாது. கம்பெனிகள் ஆதாரங்களை எப்படித் தர வேண்டும் என்ற வரைவு நெறிமுறை 1990இல் வெளிவந்தது. 1993 ஜனவரி முதல் அது கட்டாயம். செலவுக்கேற்ற பலனை நிரூபித்தால்தான் அரசுப் பட்டியலில் இடம் என்று நாடு முழுமைக்கும் விதி செய்த முதல் நாடு ஆஸ்திரேலியா. கனடாவின் ஒன்டாரியோ மாநிலமும், 1999இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் பின்னால் வந்தவை.

குழு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்ப்போம். மார்ச், ஜூலை, நவம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முக்கியக் கூட்டங்கள். மேசையைச் சுற்றி மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், சுகாதாரப் பொருளியல் அறிந்தவர், நோயாளிகள் தரப்பில் பேசுபவர். முதல் கேள்வி: இந்த மருந்து வந்தால் எந்தச் சிகிச்சை விலகும்? ஒன்றுமே கொடுக்காத நோயாளியோடு ஒப்பிட்டால் எந்த மருந்தும் சிறந்ததாகத் தெரியும். ஆகவே நடைமுறையில் மருத்துவர்கள் இன்று எதை எழுதுகிறார்களோ, அதோடுதான் ஒப்பீடு. பலன் சமம்தான் என்றால் விலையும் சமமாகவே இருக்க வேண்டும். பெட்டி புதிது, பெயர் புதிது என்பதற்காக ஒரு காசு கூடக் கிடையாது.

பலன் அதிகம் என்றால் கணக்குத் தொடங்குகிறது. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். பழைய சிகிச்சையைவிடப் புது மருந்துக்கு ஒரு நோயாளிக்கு 30,000 டாலர் கூடுதல் செலவு. அது சராசரியாக ஆறு மாத ஆயுளைக் கூட்டுகிறது. ஓர் ஆண்டு ஆயுளுக்கு 60,000 டாலர் ஆகிறது. அந்த ஆறு மாதமும் நல்ல உடல்நலத்தின் பாதி அளவிலேயே கழியும் என்றால், நலமான ஓர் ஆண்டின் விலை 1,20,000 டாலர். இந்த எண்ணுக்கு மேல் போனால் நிராகரிப்பு என்று ஆஸ்திரேலியக் குழு கோடு கிழித்து அறிவித்ததில்லை. நோயின் கடுமை, வேறு சிகிச்சை உண்டா இல்லையா, ஆதாரம் எவ்வளவு உறுதியானது, மொத்தச் செலவு எவ்வளவு என்று எல்லாம் தராசில் ஏறும்.

உயிருக்கு விலை வைப்பதா என்று மனம் பதறுவது இயல்பு. ஆனால் கணக்குப் போடாத இடத்திலும் விலை வைக்கப்படுகிறது. அங்கே அதை வைப்பது நோயாளியின் சட்டைப்பை. இல்லாதவன் பெயர் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராமல் போய்விடுகிறது. ஒரு பொதுநிதியிலிருந்து ஒரு மருந்துக்கு அளவுக்கு மீறிக் கொடுத்தால், அந்தப் பணம் வேறு யாரோ ஒருவரின் டயாலிசிஸிலிருந்தோ தடுப்பூசியிலிருந்தோதான் வருகிறது. அந்த மற்றவர் கூட்ட அறைக்கு வந்து அழ மாட்டார். அவருக்காகவும் பேசுவதுதான் குழுவின் கடமை.

‘முடியாது’ என்று சொல்லும் உரிமை

மறுப்பது லேசான காரியமாக இருந்ததில்லை. தொண்ணூறுகளின் இறுதியில் வயாக்ராவைப் பட்டியலில் சேர்க்கக் குழு மறுத்தது. ஃபைசர் கம்பெனி நீதிமன்றம் போய்த் தோற்றது. மொத்தச் செலவையும் குழு கணக்கில் எடுக்கலாம் என்பது நிலைபெற்றது. முற்றிய மார்பகப் புற்றுக்கான ஹெர்செப்டின், கேட்ட விலைக்குத் தகாது என்று குழு சொன்னபோது நாடெங்கும் பெண்கள் போராடினார்கள். அரசு 2001 டிசம்பரில் பட்டியலுக்கு வெளியே தனித்திட்டமாக அதைக் கொடுத்தது. அந்தப் பெண்களின் வேதனை நியாயமானது. ஆனால் குரல் ஓங்கியவர்களுக்குத் தனிவழி, குரல் இல்லாதவர்களுக்குக் குழுவின் வழி என்று ஆகிவிடும் ஆபத்தையும் அந்த முடிவு காட்டிச் சென்றது.

குழுவிடமும் குறைகள் உண்டு. நெடுங்காலம் அது எதையும் வெளியே சொல்லாமல் முடிவெடுத்தது. தன் மருந்து ஏன் மறுக்கப்பட்டது என்பது நோயாளிக்குத் தெரியாது. அமெரிக்காவுடனான வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 2005ஆம் ஆண்டில்தான், ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்லும் சுருக்க அறிக்கைகள் பொதுவில் வரத் தொடங்கின. மறுப்புக்குக் காரணத்தை வெளியில் சொல்லும்போதுதான் மறுக்கும் உரிமைக்கு மரியாதை கிடைக்கிறது.

மறுக்க முடிகிறவரால்தான் பேரம் பேசவும் முடியும் என்பதற்கு 2016 சாட்சி. ஹெபடைடிஸ் சி கிருமியை உடலிலிருந்தே அகற்றும் புது மாத்திரைகள் வந்திருந்தன. அவற்றில் ஒன்றான சோஃபாஸ்புவிருக்கு அமெரிக்காவில் ஒரு முழுச் சிகிச்சைக்குக் குறித்த விலை 84,000 டாலர். ஆஸ்திரேலியாவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்தத் தொற்று இருந்தது. தலைக்கு இவ்வளவு என்று பேசினால் கஜானா தாங்காது. ஈரல் கெட்டுப்போனவர்களுக்கு மட்டும் என்று குறைத்தால் மற்றவர்கள் கெட்டுப்போகும் வரை காத்திருக்க வேண்டும். அரசு மொத்தத் தொகையைப் பேசியது. ஐந்தாண்டுகளுக்கு நூறு கோடி டாலருக்குச் சற்று மேல். எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் செலவு அந்த உச்சவரம்பைத் தாண்டாது. 2016 மார்ச் 1 முதல் நோயின் கட்டம் பார்க்காமல், சிறைக் கைதிகள் உட்பட, தொற்றுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் மருந்து திறந்துவிடப்பட்டது. முதல் ஓராண்டிலேயே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றார்கள். 1949இல் அரசு படிவத்தை வைத்து மிரட்டியும் கிடைக்காதது, வாங்குகிறவர் ஒருவரே என்ற பலத்தால் கிடைத்தது.

இந்த முக்கால் நூற்றாண்டுக் கதையில் என்னை ஈர்ப்பது ஒரே விஷயம்தான். மருத்துவரின் சுதந்திரமும் மக்களின் உரிமையும் ஒன்றையொன்று அழித்துத்தான் வாழ வேண்டும் என்று 1949இல் இரு தரப்பும் நம்பின. எழுதும் அதிகாரத்தையும் பணம் கட்டும் அதிகாரத்தையும் பிரித்து, இரண்டாவதை அரசியல்வாதியிடமும் கம்பெனியிடமும் விடாமல், காரணம் சொல்லக் கடமைப்பட்ட ஒரு குழுவிடம் கொடுத்தபோது இரண்டுமே பிழைத்தன. எந்த நாடு மருந்துப் பட்டியல் போட்டாலும் அதனிடம் நாம் கேட்க வேண்டியது, பட்டியலில் எத்தனை மருந்து இருக்கிறது என்பதோடு நிற்கக்கூடாது. யார் முடிவு செய்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், மறுத்ததற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமை, மருந்துக்கு வரி கட்டும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

ஆஸ்திரேலியாவிடம் பேரம் பேசப் பணமாவது இருந்தது. பணமும் இல்லை, மருந்துத் தொழிற்சாலைகளும் அதிகம் இல்லை, ஆனால் மக்களுக்கு மருந்து கொடுத்தே தீருவேன் என்று ஒரு சிறு தீவு புறப்பட்டால் என்ன ஆகும்? 1971இல் இலங்கையில் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற பேராசிரியர் சேனக பிபிலேயின் கதை, அடுத்த இதழில்.

(தொடரும்)